டப்பாவில் என் பெயர்

ஏழு ஆறு தாண்டி, ஏழு கரடு தாண்டி ஒரு சீமைங்க. அந்தச் சீமைக்கு ஒரு ராஜா. யானை இருந்தது, சேனை இருந்தது, குதிர் நிறையத் தானியம் இருந்தது. மடியில் வைக்க ஒரு பிள்ளை மட்டும் இல்லை. பாதிக் கதை இந்த இடத்தில்தானே தம்பி தொடங்கும்? எங்கள் அப்பாரு, தாத்தாதான், சொல்வார். ராஜா முதல் ராணியைக் காட்டுக்கு அனுப்பினார். இரண்டாவது ராணியைக் காட்டுக்கு அனுப்பினார். இப்படியே ஆறு ராணி. ஏழாவது ராணிக்கு ஒரு முனிவர் மாம்பழம் கொடுத்தார், பத்தாம் மாதம் ராஜகுமாரன் பிறந்தான். நானும் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவேன். அந்த ஆறு பேரும் காட்டில் என்ன ஆனார்கள் என்று அப்பாருவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

உட்காருங்க தம்பி. அந்த நீலக் கதவு இப்போதைக்குத் திறக்காது. உள்ளே போன வெள்ளைச் சட்டைக்காரர் கால் மணி நேரமாக வரவில்லை. பாவம், அவசரப்படுத்த முடியுமா? அடுத்தது நீங்கள், அதற்கடுத்தது நான். உங்கள் கையில் உங்கள் பெயர் ஒட்டின ஒரு டப்பா, என் கையில் என் பெயர் ஒட்டின ஒரு டப்பா. குழந்தைக்காக வருகிற இந்த ஆஸ்பத்திரியில் ஆண்பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க மாட்டார்கள், கவனித்தீர்களா? எல்லோரும் அந்த மீன்தொட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் அப்படி இல்லை. மனிதர்களோடு பேசுவேன். சத்தமாகப் பேச மாட்டேன், அவ்வளவுதான்.

மூத்தது பெண்ணா? அஞ்சு வயசா? நல்லதுங்க. இரண்டாவதுக்குத்தான் இத்தனை பாடா? சிஸ்டர் சொன்னது காதில் விழுந்தது. 'உங்களுக்கு எல்லாம் நல்லா இருக்குது சார், இன்னிக்கு ஒருவாட்டி குடுத்துட்டுப் போங்க'ன்னு. தப்பாக நினைக்காதீங்க, காதில் விழுந்ததைச் சொல்கிறேன். ஊர் எங்கே, தாராபுரம் பக்கமா? வயசு முப்பத்தொண்ணு இருக்குமா? வீட்டில் யாருக்காவது சர்க்கரை, வலிப்பு அந்த மாதிரி உண்டுங்களா? இல்லை. தாத்தா இன்னும் தோட்டத்துக்குப் போகிறாரா? அட. கொடுத்துவைத்த ரத்தம்.

எனக்கு இப்படிக் கேட்டுக் கேட்டே பழக்கமாகிவிட்டதுங்க. தொழில் அப்படி. நான் மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவன். பதினோரு வருஷமாகிறது. எங்கள் பக்கம் பன்னிரண்டு ஊரில் எந்த மாடு பருவத்துக்கு வந்து கத்தினாலும் எனக்குத்தான் போன் வரும். 'டாக்டர் தம்பி, வெரசா வாங்க'ம்பாங்க. நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு ஊரில் ஓடித் திரிகிற கிடாரியில் முக்கால்வாசி என் கையால் வந்தது. காளையை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எங்கேயோ ஒரு பண்ணையில் நிற்கும். அதன் விந்து நூல் மாதிரி ஒரு குச்சிக்குள் உறைந்து, நைட்ரஜன் கேனில் என் வண்டிக்குப் பின்னால் வரும். அந்தக் காளையைப் பொறுக்குகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள் தெரியுமா? தாய் எத்தனை லிட்டர், தகப்பனுக்கு நோய் உண்டா, எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாக நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். நடை சுத்தமாக இருக்க வேண்டும். நீங்கள் லிஃப்டிலிருந்து இறங்கி வந்தீர்களே, நன்றாக ஊன்றி நடக்கிறீர்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்க.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு வைகாசியில் எனக்குக் கல்யாணம். நவமணி. அவளும் மாடு கட்டியிருந்த வீட்டுப் பெண்தான். கல்யாணம், மறுவிருந்து, குலசாமி கோயில் என்று பதினெட்டு நாள் போனது. திரும்பி வந்து கேனைத் திறந்தேன். திறந்தால் குபீரென்று வெள்ளைப் புகை எழும்ப வேண்டுங்க. எழும்பவில்லை. கையை வைத்துப் பார்த்தேன், வெறும் சில்லிப்புகூட இல்லை. நைட்ரஜன் வற்றிவிட்டது. உள்ளே நூற்று நாற்பது குச்சி. அத்தனையும் செத்திருக்கும்.

ஆனால் பார்த்தால் தெரியாது தம்பி! அதுதான் அதில் விசேஷம். உயிருள்ள குச்சியும் செத்த குச்சியும் ஒரே மாதிரி இருக்கும். அதே நிறம், அதே நம்பர். ஆபீசில் சொன்னால் என்ன ஆகும்? புது மாப்பிள்ளை, கல்யாணக் கிறுக்கில் கேனைக் காயவிட்டான் என்று பேர் ஆகும். மறுநாள் புது நைட்ரஜன் ஊற்றிக்கொண்டேன். புகை வந்தது. மனசு அடங்கிவிட்டது. சிலது பிழைத்திருக்கும் என்று நினைத்தேன். ஆடி முடியும்வரை அந்தக் குச்சிகளைத்தான் போட்டேன்.

ஒரு மாட்டுக்கும் சினை நிற்கவில்லை.

யாரும் என்னைக் கேட்கவில்லை, அதுதான் ஆச்சரியம். மூன்று ஊசிக்கும் நிற்கவில்லை என்றால் மாட்டைத்தான் பார்ப்பார்கள். 'கருப்பையில சீழ் இருக்குமுங்க'ன்னு நானும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா, ஏதாவது காரணம் வேண்டாமா? ராக்கியாத்தாள்னு ஒரு அம்மா, புருஷன் இல்லாதவங்க, ஒரே ஒரு ஜெர்சி மாடு வைத்திருந்தாங்க. என் பேச்சைக் கேட்டுவிட்டு எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாங்க. 'நீயி சொன்னா செரியாத்தான் சாமி இருக்கும்'னாங்க. அடுத்த சந்தையில் மாட்டை விற்றுவிட்டாங்க. அடிமாட்டு லாரிக்கு. நல்ல இளம் மாடு.

கொஞ்ச நாள் கழித்து அந்த லாரிக்காரனை டீக்கடையில் பார்த்தேன். 'ஏன் டாக்டரே, சீழு சீழுன்னீங்களாமா? அறுத்துப் பாத்தா உள்ள அத்தனை சுத்தம். கண்ணாடியாட்டம் இருந்துச்சு'ன்னான். நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இதை எதற்குச் சொல்ல வந்தேன்? ஆமாம். செத்ததற்கும் இருப்பதற்கும் வெளியே வித்தியாசம் தெரியாது என்பதற்காகச் சொன்னேன்.

எங்களுக்கும் தங்கவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம். என் பெயர் குழந்தைவேல். ஊரில் வாயை அடைக்க முடியுமா? 'பேருலயே வெச்சிருக்கறான், வீட்டுல இல்லையே'ம்பாங்க. 'ஊரு மாட்டுக்கெல்லாம் போடற ஊசி'ன்னு ஒருத்தன் ஆரம்பித்து முடிக்கவில்லை, பால் சொசைட்டியே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து நவமணியிடம் இரண்டு நாள் பேசவில்லை. திட்டவில்லைங்க. அவளை ஒரு வார்த்தை நான் திட்டியது கிடையாது. பேசவில்லை, அவ்வளவுதான்.

அம்மாதான் பேசும். 'அம்மிணி, சீமந்தம் நடக்கற வீடு, நீயி எதுக்கு முன்னால போய் நிக்கற?'ன்னு கேட்கும். நவமணி அப்படியே பின்கட்டுக்குப் போய்விடுவாள். நான் பிறகு அவளிடம் சொல்வேன், அம்மா கிடக்குது, நான் உன்னை விடமாட்டேன் என்று. அவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

முதலில் பார்த்த டாக்டரம்மா ஒரு பிடிவாதக்காரி. நவமணியைத் தொடக்கூட இல்லை. 'பாதிக்குப் பாதி ஆம்பளைங்ககிட்டயும் காரணம் இருக்கும். உங்களுக்கு ஒரே ஒரு டெஸ்ட்டு, ஊசி கிடையாது, வலி கிடையாது. அது முடிஞ்சாத்தான் இந்தப் பொண்ணு மேல கை வைப்பேன்'னுட்டாங்க. என்னைப் பார்த்து, 'சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்து கீழ இறங்குச்சா?'ன்னு கேட்டாங்க. இல்லை என்றேன். 'எதுவா இருந்தாலும் சொல்லுங்க. தெரிஞ்சா ஏதாச்சும் வழி இருக்கும், தெரியாட்டித்தான் வழியில்லை'ன்னாங்க. நவமணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் கேட்கிற கேள்வியா அது?

வீட்டில் எடுத்து அரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்தாலும் போதும் என்றார்கள். என் பெரியப்பா மகன் சம்பத், டவுனில் லேத் பட்டறை வைத்திருக்கிறான், மூன்று பிள்ளை. அவனிடம் போனேன். சிரித்தான். ஆனால் கொடுத்தான். சட்டைப்பையில், நெஞ்சுச் சூட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு அதெல்லாம் சொல்லித்தரவா வேண்டும்? ரிப்போர்ட் வந்தது. எல்லாம் நார்மல். மேலே என் பெயர்.

நவமணி அந்தத் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். 'அப்ப எங்கிட்டத்தானுங்க'ன்னாள். நான்தான் தேற்றினேன். 'எல்லாம் சரியாப் போகும் விடு'ன்னேன். அந்த ரிப்போர்ட்டை அம்மா வாங்கி மஞ்சள் பையில் போட்டுச் சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் எடுத்துக்கொண்டு போனது. படிக்கத் தெரியாது அம்மாவுக்கு. ஆனாலும் காட்டியது.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் அவளுக்குத்தான் வைத்தியம். கருக்குழாயில் அடைப்பா என்று மருந்து விட்டுப் படம் எடுத்தார்கள், வலியில் மேஜைக் கம்பியைப் பிடித்தவள் விடவே இல்லை, நான்தான் ஒவ்வொரு விரலாக எடுத்தேன். தொப்புளில் ஓட்டை போட்டு உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்கள். வெளியே வந்த டாக்டர் சொன்னார்: 'உள்ள எல்லாம் சுத்தமா இருக்குதுங்க. ஒரு குறையும் இல்ல.' எனக்கு அந்த லாரிக்காரன் ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. வந்தது.

கோயில் தரையில் சோற்றைப் போட்டு மண்சோறு சாப்பிட்டாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. மூன்று அமாவாசை. நானும் கூடவே போய் நின்றேன், நிழலில். போன ஐப்பசியில் முட்டை வளர ஊசி போட்டதில் வயிற்றில் தண்ணீர் கோத்துவிட்டது. வயிறு ஏழு மாதம் போல இருந்தது. மூச்சு விட முடியவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரி, 'எத்தனாவது மாசம்க்கா?'ன்னு கேட்டாள். நவமணி சிரித்தாள் தம்பி. அந்த ஒரு நாள் அவள் முகம் நன்றாக இருந்தது.

இந்த ஆஸ்பத்திரியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். இதுதான் கடைசி. குறைந்த ஊசியில் இந்த ஒரு தடவை பார்க்கலாம், இன்னொரு தடவை அவள் உடம்பு தாங்காது, உயிருக்கே ஆகாது என்று. அம்மாவும் அதைக் கேட்டது. காங்கயம் பக்கம் ஒரு பெண் பார்த்து வைத்திருக்கிறது. தை பிறக்கட்டும் என்று காத்திருக்கிறது. நவமணிக்கும் தெரியும். காலையில் பஸ்ஸில் வரும்போது, 'ஏனுங்க, இதும் நிக்கலீன்னா எங்கப்பனை வண்டி எடுத்துட்டு வரச் சொல்லிப் போடட்டுமா?'ன்னு கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்கிற மாதிரி.

இப்போது உள்ளே படுத்திருக்கிறாள். முட்டை வெடிக்க முந்தாநாள் ஊசி போட்டாயிற்று. பன்னிரண்டு மணிக்குள் நான் டப்பாவைக் கொடுக்க வேண்டும். அவர்கள் கழுவி, கண்ணாடியில் பார்த்து, அவளுக்குள் செலுத்துவார்கள். மாட்டுக்கு நான் செய்வதுதான். பெரிய வித்தியாசம் இல்லை.

இப்போது பதினொன்றரை.

சம்பத்தா? அவனிடம் இனிமேல் போக மாட்டேன். பொங்கலுக்கு வந்தவன் நவமணி கையில் டீ வாங்கிக்கொண்டு, 'என்ன நவமணி, எங்க பங்காளி ரிப்போர்ட் பிரமாதமாமே'ன்னு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அவள் ஒன்றும் புரியாமல் சிரித்தாள். அன்றைக்கு முடிவு பண்ணிவிட்டேன், சொந்தக்காரன் வேண்டாம் என்று. நாளைக்குப் பிள்ளை அவன் மாதிரி நடந்து வந்தால்? முன்பின் தெரியாதவர்தான் நல்லது. பெயர் தெரியக்கூடாது. ஊர் தெரிந்தால்கூட மறந்துவிட வேண்டும். காலையிலிருந்து இங்கே உட்கார்ந்து வருகிறவர்களையெல்லாம் பார்த்தேன். ஒருத்தர் ரொம்பக் குட்டை. ஒருத்தர் கையில் நடுக்கம். பிறகு நீங்கள் லிஃப்டிலிருந்து இறங்கினீர்கள். அகல நெற்றி, என் நெற்றி மாதிரியே. நிறமும் ஒத்துப்போகிறது.

புரிந்துவிட்டதா? எழுந்திருக்காதீங்க. தம்பி, உட்காருங்க, முழுசாக் கேளுங்க. நான் என்ன பெரிதாகக் கேட்டுவிட்டேன்? நீங்கள் எப்படியும் உள்ளே போகத்தான் போகிறீர்கள். உங்கள் டப்பாவுக்கு வேண்டியது போக மிச்சத்தை இதில் விடுங்க. கொஞ்சம் போதும். உங்களுக்கு என்ன குறையப்போகிறது? ஒரு ஆண்பிள்ளையின் மானம் நிற்கும், ஒரு பெண் வீட்டோடு இருப்பாள். கன்று விழுந்த பிறகு காளை யாரென்று எந்தப் பண்ணையக்காரன் கேட்டான்? அந்த ராஜா, முனிவர் கொடுத்த மாம்பழம் எந்த மரத்தில் காய்த்தது என்று கேட்டாரா?

டாக்டர்கிட்டயே கேட்டால் முறையாகத் தானம் வாங்கித் தருவார்களா? தெரியுங்க. இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அவளுக்குத் தெரிந்துவிடுமே.

எனக்குக் கோளாறு இருக்கிறது என்று யார் சொன்னது? ஒரு கோளாறும் இல்லை. பாறையில் கடப்பாரை போட்ட உடம்பு இது. அந்த வெட்டி டெஸ்ட்டுக்கு என்னால் முடியாது, கூச்சம், அவ்வளவுதான். சரி, கூச்சம் மட்டுமில்லை. பதினாலு வயசில் பொன்னுக்கு வீங்கி வந்தது. எட்டு நாள் காலை அகட்டித்தான் நடந்தேன். அம்மா வேப்பிலை வைத்துக் கட்டியது. 'வெளியில சொல்லாத சாமி, பொண்ணு குடுக்க மாட்டாங்க'ன்னுச்சு. அதனால் என்ன, எத்தனையோ பேருக்கு வருகிறது. எங்கள் ஆபீசில் குச்சி சோதிக்க ஒரு மைக்ராஸ்கோப் இருக்கிறது. காய்ந்த கேன் குச்சி ஒன்றை அதில் வைத்துப் பார்த்தேன். கடுகு கொட்டின மாதிரி அப்படியே கிடந்தது, ஒன்றுகூட அசையவில்லை. கல்யாணமாகி இரண்டாம் வருஷம், ஞாயிற்றுக்கிழமை, ஆபீசில் யாருமில்லை. என்னுடையதை வைத்துப் பார்த்தேன். கடுகுகூட இல்லைங்க. வெறும் தண்ணீர். வெளிச்சம் மட்டும் தெரிந்தது. கண்ணாடி பழசு, லென்ஸில் பூசணம் பிடித்திருக்கும். துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

ஆமாம், சம்பத்கிட்ட போவதற்கு முன்னால்தான். அதற்கென்ன?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் அவளுக்கு ஒரு கெடுதல் செய்யவில்லை. கூடவே நிற்கிறேன். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். ராக்கியாத்தாள் செய்தது போலச் சந்தைக்கு ஓட்டிவிட்டேனா?

கதவு திறந்துவிட்டது பாருங்க, வெள்ளைச் சட்டைக்காரர் வந்துவிட்டார். சொல்லுங்க தம்பி. நேரமில்லை.

கையை நீட்டுகிறீர்களா? அட. வாங்கிக்கொண்டீர்களா? எனக்குத் தெரியுங்க, முகத்தைப் பார்த்ததுமே தெரியும். நல்ல வீட்டுப் பிள்ளை. மூடியை இறுக்கித் திருகுங்க, லேபிள் ஈரமாகாமல் பார்த்துக்கொள்ளுங்க. சாமி மாதிரி வந்தீங்க. வெளியே வந்ததும் பார்க்கக்கூட வேண்டாம், ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் போய்விடுங்க.

என்ன கேட்டீங்க? அவள் பெயரா? நவமணின்னு சொன்னேனே. அஞ்சாம் நம்பர் படுக்கை, பச்சைத் திரை போட்டிருக்கும். எதுக்குங்க?

தம்பி, நீலக் கதவு இந்தப் பக்கம். அது பெண்கள் பகுதி, ஆண்கள் போகக்கூடாதென்று எழுதியிருக்கிறது பாருங்க. தம்பி. சிஸ்டர்கிட்ட என்ன பேசறீங்க? டப்பாவை ஏன் காட்டறீங்க? சிஸ்டர் ஏன் என்னைத் திரும்பிப் பார்க்கிறது?

திரையை விலக்காதீங்க. அவள் தூங்குவாள்.

நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை. இங்கிருந்தே சொல்கிறேன், கேட்கிறதா? நில்லுங்க. என்ன நடை இது, ஒரு இடத்தில் தடுமாறாமல், ஊன்றி ஊன்றி. டப்பாவையாவது கொடுத்துவிட்டுப் போங்க தம்பி. அந்த டப்பாவில் என் பெயர் இருக்கிறது.